சாட்சியமும் சட்டமும்: 'த ஜங்கிள்' நாவலையும் நியூ யோர்க் தையற் பெண்களையும் முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கியம் சமுதாய மாற்றத்துக்கு உதவ வல்லதா என்ற வினா எழும்போதெல்லாம் தவறாது எடுத்துக்காட்டப்படும் நாவல்களுள் அப்டன் சிங்கிளேயரின் 'த ஜங்கிள்' ஒன்றாகும். 1906 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அது நூலுருப் பெற்றது. அவ்வாண்டு யூன் 30 ஆம் திகதி அமெரிக்க சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் கையொப்பமிட்டார். நான்கே மாதங்களில் ஒரு நாவல் இரண்டு சட்டங்களைப் பிறப்பித்தது என்பது விரிவுரை மண்டபங்களில் நாம் கேட்டுப் பழகிய செய்தி. அதனைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தின் மீது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாவதும் இயல்பே. ஆயினும் அச்சட்டங்களை எடுத்து வாசித்துப் பார்ப்பவருக்கு ஒரு திகைப்பு ஏற்படாமற் போகாது. இறைச்சியை உண்பவனுக்கு அவற்றிற் பாதுகாப்பு உண்டு. அதனை வெட்டியவனுக்கும், உப்பு நீரில் ஊறவைத்தவனுக்கும், கொழுப்புக் கொப்பரையின் அருகில் நின்றவனுக்கும் அவற்றில் ஒரு வாக்கியந்தானும் இல்லை. நாவலோ முழுக்க முழுக்க அவர்களைப் பற்றியது.

இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்ட நூல் தொழிலாளருக்குச் சட்டம் பெற்றுக் கொடுக்கத் தவறியது ஏன்? அதே காலப் பகுதியில், எழுத்தாளர் அல்லாத சில தையற் பெண்கள் எவ்வாறு அதனைச் சாதித்தனர்? இவ்வினாக்களை ஓரளவு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கிளேயர் தமது பொருளை நேர்மையாகத் தேடியவர் என்பதை முதலிற் சொல்லியாக வேண்டும். 1904 ஆம் ஆண்டில் சிக்காகோ இறைச்சித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தோல்வியுற்ற பின்னர், அந்நகரின் 'பக்கிங்டவுன்' பகுதிக்குச் சென்று ஏழு வாரங்கள் தங்கினார். கையில் உணவு வாளியுடன் தொழிலாளியைப் போல் உடுத்து ஆலைகளுக்குள் நுழைந்து பார்த்தார். 1905 இல் 'அப்பீல் ற்று றீசன்' என்னும் சோசலிசப் பத்திரிகையில் நாவல் தொடராக வெளிவந்தது. லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூர்கிஸ் றுட்கஸ் என்னும் உடல் வலிமைமிக்க இளைஞனும் அவனது குடும்பத்தினரும் ஒருவர் பின் ஒருவராக அழிவதே கதை. அவனது தந்தை கிழவர் அன்ரனாஸ் ஊறுகாய் அறையில் இரசாயனம் கலந்த நீரில் நின்று வேலை செய்து, காலிற் புண் பிடித்து, இருமி இருமி மாய்கிறார். வெருண்டோடிய மாட்டிடமிருந்து தப்பத் தாவிய யூர்கிஸ் கணுக்காலில் அடிபட்டுப் படுக்கையிற் கிடக்கிறான். அக்காலத்துக்குச் சம்பளம் இல்லை, நட்டஈடும் இல்லை. எழுந்தபோது பழைய வலிமை இல்லாதவனை ஏற்க ஆலைகள் மறுக்க, எவரும் போக விரும்பாத உரத் தொழிற்சாலைக்குப் போகிறான்.

நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் தனித்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு பகுதியிலும் வேலை செய்வோருக்கு எந்த உறுப்பில் எந்த நோய் வரும் என்பதை ஆசிரியர் ஏறத்தாழ ஒரு பதிவேட்டைப் போல அடுக்கிச் செல்கிறார். ஊறுகாய் அறையில் அமிலம் விரல் மூட்டுகளைத் தின்கிறது. கத்தி பிடிப்பவரின் பெருவிரல் சிதைகிறது. தோலிலிருந்து உரோமம் பிடுங்குவோரின் விரல்கள் அரித்துப் போகின்றன. இவ்வடுக்கின் இறுதியில், கொப்பரைக்குள் தவறி விழுந்தவர்கள் சில வேளைகளிற் கவனிக்கப்படாமற் கொழுப்போடு கொழுப்பாக வெளியேறினர் என்ற செய்தி வருகின்றது. வாசகர் நாடெங்கும் அலறியது இவ்விறுதிச் செய்திக்கே. விழுந்தவன் யார், அவன் விழாதிருக்கக் கொப்பரையைச் சுற்றி ஒரு தடுப்பு இருந்ததா என்று கேட்டவர் சிலர். நாம் உண்ட கொழுப்பில் என்ன இருந்தது என்று கேட்டவரே பலர். மக்களின் நெஞ்சைக் குறிவைத்த தமது முயற்சி தற்செயலாக அவர்களது வயிற்றிற் பட்டுவிட்டது என்ற கருத்தில் ஆசிரியரே பின்னர் வருந்திக் கூறியதைப் பலரும் அறிவர்.

வாசகரின் தன்னலமே இதற்குக் காரணம் என்று விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் ஆசிரியருக்கு ஆறுதல் தருவது, ஆனால் போதுமானதன்று. குறை நாவலின் அமைப்புக்குள்ளேயே இருக்கின்றது என்பது எனது கருத்து. யூர்கிஸ் துன்பத்தை அனுபவிக்கிறான். அத்துன்பத்தைப் பற்றி எங்கும் சாட்சி சொல்வதில்லை. தொடக்கத்தில் அவன் தொழிற்சங்கத்திற் சேர்கிறான். அதன் உந்துதலால் ஆங்கிலம் படிக்க முயல்கிறான். வேலையின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வேகம் ஆட்களைக் கொல்கிறது என்பது அச்சங்கத்தினரின் வாதம். இன்றைய மொழியிற் சொன்னால், அது பாதுகாப்புக் கோரிக்கை. இவ்விழையைப் பிடித்துச் சென்றிருந்தால் நாவல் வேறொன்றாக வளர்ந்திருக்கும். ஆசிரியரோ அதனைக் கைவிட்டு, பேறுகாலச் சாவு, பிள்ளையின் சாவு, சிறை, நாடோடி வாழ்வு, திருட்டு என்று கதாநாயகனை அலைக்கழிக்கிறார். வேலைநிறுத்தம் வரும்போது யூர்கிஸ் கருங்காலியாக நிற்கிறான். இறுதியில் ஒரு கூட்டத்துக்குத் தற்செயலாகச் சென்று சோசலிசப் பேச்சாளர் ஒருவரின் உரையைக் கேட்டு மனம் மாறுகிறான். கடைசி அத்தியாயங்களிற் பேசுவோர் பிறர், யூர்கிஸ் கேட்டுக்கொண்டிருப்பவன். அவனது காலுக்கு என்ன நேர்ந்தது என்று அவனிடம் எவரும் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பேராசிரியர் கைலாசபதி முதலானோர் வலியுறுத்தியதை நாம் அறிவோம். இயற்பண்புவாதி நோயாளியின் உடலை வருணிப்பதில் வல்லவன்; ஆனால் அவன் கண்ணுக்கு மனிதன் சூழலால் நசுக்கப்படும் பொருளாகவே தென்படுவான். சிங்கிளேயரின் தொழிலாளர் இவ்வாறு உடல்களாகவே நின்றுவிடுகின்றனர். உடல்களைக் கண்டு இரங்கலாம், அருவருக்கலாம். அருவருப்பு என்னவோ விரைவிற் சட்டமாயிற்று. வேலைத்தலப் பாதுகாப்புப் பற்றிய பொதுவான கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் 1970 டிசெம்பரிலேயே நிறைவேறியது. இடையில் அறுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன.

இனி நியூ யோர்க்குக்கு வருவோம். 1909 நவம்பர் 22 ஆம் திகதி இரவு 'கூப்பர் யூனியன்' மண்டபத்தில் சட்டைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பெரிய தலைவர்கள் நெடுநேரம் பேசினர். யாவரும் நிதானத்தையே போதித்தனர். அவ்வேளையில் கிளாறா லெம்லிச் என்னும் இளம் பெண் பேச அனுமதி கேட்டு மேடையேறினாள். அவள் உக்கிரேனிலிருந்து குடியேறிய யூதப் பெண், சட்டை தைப்பவள், இரு மாதங்களுக்கு முன்னர்தான் மறியலில் நின்றதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டோரால் விலா எலும்பு முறியத் தாக்கப்பட்டவள். பொதுப்படப் பேசியது போதும், பொது வேலைநிறுத்தம் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன் என்ற பொருளில் இட்டிஷ் மொழியிற் சில வாக்கியங்கள் மட்டுமே பேசினாள். அடுத்த நாட்களில் ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் பெண்கள், வேலையை விட்டு வெளியேறினர். யூர்கிஸ் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இவள் எழுந்து பேசினாள் என்று சொன்னால் அது வெறும் உவமையாகாது. இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்தாண்டு வேறுபாடே உண்டு.

வேலைநிறுத்தம் 1910 பெப்ரவரியில் முடிவுற்றது. சம்பளமும் நேரமும் பற்றிப் பல முதலாளிமார் இணங்கினர். மக்ஸ் பிளாங், ஐசக் ஹாரிஸ் ஆகிய இருவருக்கும் சொந்தமான 'ட்றையாங்கிள்' சட்டைத் தொழிற்சாலையோ சங்கத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. தொழிலாளர் கேட்டவற்றுள் பாதுகாப்பான வெளியேறு வழிகளும் அடங்கியிருந்தன. அவை கிடைக்கவில்லை.

1911 மார்ச் 25 ஆம் திகதி சனிக்கிழமை, வேலை முடியும் தறுவாயில், அத்தொழிற்சாலையின் எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. எட்டாம் மாடியிலிருந்து பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சென்றது. ஒன்பதாம் மாடிக்குச் செல்லவில்லை. பத்தாம் மாடியிலிருந்த உரிமையாளர்கள் கூரை வழியாகத் தப்பினர். ஒன்பதாம் மாடியில், வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டுப் பாரந்தாங்காது சரிந்தது. தீயணைப்பு ஏணிகள் ஆறாம் மாடி வரைதான் எட்டின. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்களிற் பலர் சன்னலிலிருந்து குதித்து இறந்தனர். தெருவில் நின்று தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்பிய வில்லியம் ஷெப்பேட் என்ற பத்திரிகையாளர், சென்ற ஆண்டு இதே பெண்கள்தாம் பாதுகாப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர் என்பதைத் தமது செய்தியிலேயே நினைவுபடுத்தினார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை நேரத்திற் தொழிற்சாலைக் கதவுகளைப் பூட்டலாகாது என்ற விதி நியூ யோர்க் மாநிலத் தொழிற் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. அதன் அடிப்படையிலேயே உரிமையாளர் இருவர் மீதும் 1911 டிசெம்பரில் வழக்கு நடைபெற்றது. ஆகவே பாதுகாப்புச் சட்டத்தை மாற்றுதல் என்பதை, இல்லாத சட்டத்தைப் புதிதாக இயற்றுவதாக மட்டும் நாம் எண்ணலாகாது. சட்டம் இருந்தும் அது ஏட்டில் உறங்கிக் கிடப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நிலைமை. எழுப்புவது யார் என்பதே வினா.

அவ்வழக்கில் நிகழ்ந்த ஒரு காட்சி, இலக்கிய மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. உயிர் தப்பிய பெண் தொழிலாளி ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி, தமது தோழி பூட்டிய கதவருகில் எவ்வாறு இறந்தாள் என்பதை விவரித்தார். குடியேறியவரின் குறைபட்ட ஆங்கிலந்தான். ஆயினும் தீயையும் மனிதரையும் உவமைகளோடு சொன்னார். எதிரிகளுக்காகத் தோன்றிய வழக்கறிஞர் மக்ஸ் ஸ்ரூயர் அவரை மிரட்டவில்லை. அந்தக் கதையை மீண்டும் ஒருமுறை சொல்லும்படி பணிவாகக் கேட்டார். சாட்சி சொன்னார். ஏறத்தாழ அதே சொற்கள், அதே உவமைகள். மீண்டும் கேட்டார், மீண்டும் அப்படியே. ஒரு சொல் விடுபட்டபோது, முன்னர் சொன்ன அச்சொல்லை விட்டுவிட்டீர்களே என்று எடுத்துக் கொடுத்தார். சாட்சியும் அதனைச் சேர்த்துச் சொன்னார். இது மனப்பாடம் செய்விக்கப்பட்ட சாட்சியம் என்ற எண்ணம் நடுவர் மனத்தில் விழுவதற்கு அது போதுமாயிருந்தது.

ஸ்ரூயர் அன்று நீதிமன்றத்திற் செய்தது இலக்கிய விமர்சனமே. உண்மை தடுமாறிப் பேசும், திருத்தமான நடை பொய்யின் அடையாளம் என்ற கொள்கையை அவர் நடைமுறையில் நிறுவிக் காட்டினார். அக்கொள்கை தவறானது. ஒரு பெருந்துயரைப் பலமுறை சொல்ல நேர்ந்தவர்கள் அதனை ஒரு குறித்த வடிவத்திற் சொல்லப் பழகிவிடுவர். நமது கிராமங்களில் ஒப்பாரி சொல்லும் பெண்களைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அந்நிய மொழியொன்றிற் பேசுபவருக்கு, முன்னர் தேடிக் கண்டுபிடித்த சொற்களைப் பற்றிக்கொள்வதைவிட வேறு வழியும் இல்லை. அப்பெண்ணின் மொழி ஆங்கிலம் அன்று. ஸ்ரூயரும் குடியேறியாக வந்தவரே. இதனை அறியாதவராயிருந்திருக்க முடியாது. டிசெம்பர் 27 ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகக் கலந்தாலோசித்த நடுவர் குழு இருவரையும் விடுதலை செய்தது. அந்நேரத்திற் கதவு பூட்டியிருந்தது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என நீதிபதி நடுவருக்கு அறிவுறுத்தியிருந்தார். 1913 இல் பிளாங் தமது வேறொரு தொழிற்சாலையிற் கதவைப் பூட்டியதற்காக மீண்டும் பிடிபட்டபோது விதிக்கப்பட்ட தண்டம் 20 டொலர்.

தனியொருவராக நீதிமன்றத்தில் நின்ற தொழிலாளியின் சாட்சியம் இவ்வாறு தோற்றது. அதே சாட்சியம் வேறொரு மன்றத்தில் வென்றது எப்படி என்பதே நமது ஆராய்ச்சிக்கு உரியது.

தீவிபத்தின் பின்னர் பெண்கள் தொழிற்சங்கச் சம்மேளனம், நகரின் ஏனைய தொழிற்சாலைகளில் வேலை செய்வோரிடமிருந்து பூட்டிய கதவுகள், அடைபட்ட படிக்கட்டுகள் பற்றிய தகவல்களைத் திரட்டியது. தகவல் தந்தவரின் பெயர் வெளியிடப்படவில்லை. ஏப்பிரல் 2 ஆம் திகதி 'மெற்றோபொலிற்றன்' இசைநாடக அரங்கிற் செல்வரும் சீர்திருத்தவாதிகளும் நிறைந்திருந்த கூட்டமொன்றில் தொப்பித் தொழிலாளியான றோஸ் ஷ்னைடர்மன் பேசினார். உங்களது இரக்கத்தை நாம் பலமுறை பார்த்தாயிற்று, தொழிலாளர் தம்மைத் தாமே காப்பாற்றிக் கொள்ள வலிமையான இயக்கமே வழி என்பது அவரது பேச்சின் சாரம். தாழ்ந்த குரலிற் பேசினார் என்பர். ஏப்பிரல் 5 ஆம் திகதி கொட்டும் மழையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர்வலம் சென்றனர். யூன் மாதம் மாநிலச் சட்டசபை தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. றொபேட் வாக்னர் தலைவர். அல்பிரட் ஸ்மித் துணைத் தலைவர். உறுப்பினருள் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கொம்பேர்ஸும் பெண்கள் சம்மேளனத்தின் மேரி டிறையரும் இருந்தனர்.

இவ்வாணைக்குழுவின் வேலைமுறை வெறுங்கையிலிருந்து தோன்றியதன்று. 1910 இல் நடைபெற்ற மேலங்கித் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தபோது, முதலாளிமாரும் சங்கமும் பொதுமக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்த சுகாதாரக் கட்டுப்பாட்டுக் கூட்டுச் சபை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வேலைத்தலங்களைச் சோதித்து, தீப்பாதுகாப்பு உட்படக் குறைகளைப் பட்டியலிடுவது அதன் பணி. அதனை நடத்திய வைத்தியர் ஜோர்ஜ் பிறைஸ் என்பவரே பின்னர் ஆணைக்குழுவின் விசாரணைப் பணிகளுக்குப் பொறுப்பாக அழைக்கப்பட்டார். அதாவது, தொழிலாளர் வேலைநிறுத்தத்தினாற் பெற்ற ஒப்பந்த விதி முன்னே சென்றது. சட்டம் அதன் பின்னே வந்தது. சட்டப் புத்தகத்தை மட்டும் வாசிப்பவருக்கு இவ்வொழுங்கு தலைகீழாகவே தெரியும்.

ஆணைக்குழுவுக்கு ஆட்களை அழைப்பாணை மூலம் வரவழைக்கும் அதிகாரம் இருந்தது. அங்கே தொழிலாளி ஒருவரல்லர். நூற்றுக்கணக்கானோர் வந்து ஒரே செய்தியைச் சொன்னார்கள். ஒருவர் மூன்று முறை ஒரே கதையைச் சொன்னால் ஐயம் பிறக்கும். நூறு பேர் ஒரே கதையைச் சொன்னால் அது புள்ளிவிவரம் ஆகிவிடும். மேலும் உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க விடப்படவில்லை. தீயைத் தெருவில் நின்று கண்ணாரக் கண்ட பிரான்சிஸ் பேர்க்கின்ஸ், வாக்னரைச் சுவரிலிருந்த சிறிய துவாரம் ஒன்றின் ஊடாகத் தவழ வைத்து, பனி உறைந்த ஏணியைக் காட்டினார். இதுதான் இவ்வாலையின் 'தப்பும் வழி' என்றார். 1912 முதல் 1914 வரை முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. தீப்பயிற்சி, தானியங்கி நீர்த்தெளிப்பான், ஒரு மாடியில் வேலை செய்வோர் தொகைக்கு வரம்பு, தொழிற்சாலைக்குள் புகைபிடித்தலுக்குத் தடை என்பன அவற்றுட் சில. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இவற்றுட் கவர்ச்சியற்ற ஒன்று: ஒவ்வொரு தொழிற்சாலையும் தன்னைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி. அதுவரை எங்கெங்கே தொழிற்சாலைகள் உள்ளன என்ற முழுமையான பட்டியல்கூட அரசிடம் இருக்கவில்லை. இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் பரிசோதகர் எந்தக் கதவைத் தட்டுவார்?

வரலாற்று நூல்கள் இக்கதையைப் பெரும்பாலும் பேர்க்கின்ஸின் கதையாகவே சொல்கின்றன. 1933 இல் அவர் தொழில் அமைச்சராகி, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண் ஆனார். வாக்னரும் ஸ்மித்தும் பெரும் பதவிகளுக்குச் சென்றனர். அவர்களது பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடாகும். எனினும் வாக்னரை அத்துவாரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துவதற்கு, அங்கே துவாரம் உண்டு என்று முதலில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அவ்விடத்தில் நாள்தோறும் வேலை செய்தவருக்கே அது தெரியும். லெம்லிச்சோ வேலைநிறுத்தத்தின் பின்னர் முதலாளிமாரின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றுத் தொழிலை இழந்தாள்.

இக்கட்டுரைக்கான குறிப்புகளை விடுமுறையில் வீட்டில் வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்த என் தமக்கை அவற்றை வாங்கி வாசித்தாள். தான் வேலை செய்த இடத்திற் பின்பக்கப் படிக்கட்டு முழுவதும் காட்போட் பெட்டிகள் அடுக்கியிருந்ததையும், பார்வையிட ஆட்கள் வரும் நாளில் மட்டும் அவை அகற்றப்பட்டதையும், மறுநாளே திரும்பி வந்ததையும் அப்போதுதான் எனக்குச் சொன்னாள். ஏன் ஒருவரும் முறையிடவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவ்வினா எவ்வளவு எளிதில் என் வாயில் வந்தது என்பதை உணர்ந்தேன். "எழுதுறதெண்டா எழுது. ஆனா என்ர பேரும் வேண்டாம், கொம்பனிர பேரும் வேண்டாம்" என்றாள். அவளோடு வேலை செய்தவர்கள் இன்னமும் அங்கே இருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம் என்ற இச்சொல்லைக் கோழைத்தனம் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நியூ யோர்க்கிற் பெயரை மறைத்துத் தகவல் திரட்டியவர்கள் அவ்வாறு கருதவில்லை. மேலே குறிப்பிட்ட 1970 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, தொழிலாளி எழுத்து மூலம் பரிசோதனை கோரலாம் என்றும், அவர் விரும்பினால் முதலாளிக்குக் கொடுக்கப்படும் பிரதியில் அவரது பெயர் காட்டப்படலாகாது என்றும் கூறுகின்றது. பரிசோதகரோடு தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் கூடவே செல்லவும் அது இடமளிக்கின்றது. என் தமக்கையின் அச்சத்தைச் சட்டம் ஒன்று தன் வாசகத்துக்குள்ளேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தபோது, சட்ட நூலும் சில வேளைகளில் நாவலைவிட மனிதரை அறிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 146 பேர் இறந்திராவிட்டால் ஆணைக்குழு வந்திருக்குமா, சாவுதானே சட்டத்தை மாற்றியது என்று கேட்கலாம். சாவு மட்டும் மாற்றுவதாயின், 1910 நவம்பரில் அண்டை நகரான நியூவாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் தீயில் மாண்டபோதே நியூ யோர்க் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. ட்றையாங்கிளில் இறந்தவர்கள் முன்னரே பேசியவர்கள் என்பதுதான் வேறுபாடு. அவர்களது கோரிக்கை ஏற்கெனவே ஊரறிந்தது. அதனை மறுத்தவர் யார் என்பதும் ஊரறிந்தது. ஆகையால் விபத்து என்ற சொல் அங்கே நிலைக்க முடியவில்லை.

வங்காளதேசத்திலும் இதன் சாயலைக் காணலாம். 2013 ஏப்பிரல் 23 ஆம் திகதி 'றானா பிளாஸா' கட்டிடத்தில் வெடிப்புகள் தோன்றியதைத் தொழிலாளர் கண்டனர். மறுநாட் காலை கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடியிருந்தன. தையற் தொழிலாளர் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டனர். 1,100 க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதம் உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் கைச்சாத்திட்ட தீ, கட்டிடப் பாதுகாப்பு உடன்படிக்கை, நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதாக அமைந்தது. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் முறையிடும் ஒழுங்கும் அதில் உண்டு. மேனாட்டு நுகர்வோரின் மனச்சாட்சியை நம்பி இயங்கிய நன்னடத்தைக் கோவைகள் அதற்கு முன்னர் பல இருந்தன. அவை சிங்கிளேயரின் வாசகரை நம்பியவை. உடன்படிக்கையோ 1910 ஆம் ஆண்டுக் கூட்டுச் சபையின் வழிவந்தது.

நமது முற்போக்குச் சிறுகதைகள் பலவற்றிலும் இயந்திரத்தில் அகப்பட்ட கை வரும்; இரத்தம் வரும்; இறுதியிற் சிவப்புக் கொடியும் வரும். இடையில் வர வேண்டியவை மட்டும் வருவதில்லை. விபத்தை எவர் எழுதிப் பதிந்தார், எந்த அலுவலகத்தில் அது கிடந்தது, எந்தச் சக தொழிலாளி சாட்சி சொல்லப் பின்வாங்கினார், ஏன் பின்வாங்கினார் என்பன கதைப்பொருளாகத் தகுதியற்றவை என்று நம் எழுத்தாளர் எண்ணுகின்றனர் போலும். இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. அதன் பெயரை நான் வாசித்த தமிழ்க் கதைகளில் ஒன்றிலேனும் கண்டதில்லை. சட்டத்தின் பெயரைச் சொல்வதால் கதை சிறக்கும் என்பதல்ல என் வாதம். அதனை ஒரு முறை கேட்டறிந்த தொழிலாளியின் பேச்சு மாறிவிடும். அம்மாற்றம் பாத்திரவார்ப்புக்கு உரிய பொருள் என்பதே.

ட்றையாங்கிள் வழக்கின் உத்தியோகபூர்வமான பதிவுகள் காலப்போக்கிற் காணாமற் போயின. டேவிட் வொன் டிறெல் என்னும் பத்திரிகையாளர் 2003 இல் வெளிவந்த தமது நூலுக்காகத் தேடியபோது, வழக்கறிஞர் ஸ்ரூயர் தமக்கென வைத்திருந்த பிரதியே, அதுவும் முழுமையாக அன்றி, எஞ்சியிருந்தது. தாம் நம்பவேண்டாம் என்று நடுவரைக் கேட்டுக்கொண்ட சாட்சியத்தை, தமது வெற்றியின் நினைவாக அவர் பேணியிருந்தார். அப்பெண்ணின் வாக்குமூலத்தை இன்று எவரும் அங்கே வாசிக்கலாம். முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என அது அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றது. மூன்றையும் அருகருகே வைத்து நான் வாசித்தேன். சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. கதவு மூன்றிலும் பூட்டியிருக்கிறது.